பெருமிதமும் பிணியும்: பிரெடெரிக் குக்கின் துருவப் பயண நூல் பற்றிய ஒரு மதிப்பீடு

1. தோற்றுவாய்

துருவப் பயணங்கள் பற்றிய கதைகளை நம்மிற் பலர் பள்ளிப் பருவத்திலேயே கேட்டறிந்திருப்போம். 1911 ஆம் ஆண்டு டிசெம்பர் 14 ஆம் திகதி றோல்ட் அமுண்ட்சென் தென்துருவத்தை அடைந்தமையும், ஒரு மாதங் கழித்து அங்கு சென்ற றொபேட் ஸ்கொட் திரும்பும் வழியிலே தோழர்களுடன் மடிந்தமையும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு வந்துள்ளன. இக்கதைகளில் மேலோங்கி நிற்பது வீரம். பனியும் புயலும் பகைவராகவும், மனித உறுதி படைக்கலமாகவும் அவற்றிலே காட்டப்படுகின்றன. ஆயின், அப்போரின் களம் மனித உடலே என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். ஈறு வீங்கியவன், கால் பொருமியவன், நாடி தளர்ந்தவன், இருளிலே மனம் பேதலித்தவன் ஆகியோர் வீரக் கதையின் அடிக்குறிப்புகளாகவே நின்றுவிடுகின்றனர்.

இவ்வடிக்குறிப்புகளையே பொருளாகக் கொண்ட நூலொன்று 1900 ஆம் ஆண்டு நியூயோர்க்கில் வெளிவந்தது. 'முதல் அந்தாட்டிக் இரவினூடே' என அதன் பெயரைத் தமிழாக்கலாம். ஆசிரியர் பிரெடெரிக் குக் என்ற அமெரிக்க வைத்தியர். அந்தாட்டிக்காவின் பனிக்கடலிலே முதன்முதலாகக் குளிர்காலத்தைக் கழித்த பெல்ஜிக்கா என்னும் கப்பலின் வைத்தியராகப் பணியாற்றியவர் அவர். துருவ இருளிலே மனித உடலுக்கும் உள்ளத்துக்கும் நேர்வதை ஒரு வைத்தியர் நாள்தோறும் அருகிருந்து கண்டு எழுதியமையே இந்நூலின் தனிச்சிறப்பு எனலாம்.

எனினும், இந்நூலை எடுத்தவுடன் இரு தடைகள் நம்மை எதிர்கொள்கின்றன. வைத்தியம் சார்ந்த பயண நூலொன்றில் இலக்கிய மாணவர்க்கு என்ன வேலை என்பது ஒன்று. நூலாசிரியர் பிற்காலத்தில் பெரும் பொய்யர் எனப் பழிக்கப்பட்டவர். அவர் சொல்லை எவ்வாறு நம்புவது என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடை கூறுவது எளிது. உடலின் நிலைக்கும் உள்ளத்தின் உணர்வுக்கும் உள்ள தொடர்பை இலக்கண நூலிலேயே ஓர் இயலாக வகுத்து ஆராய்ந்த மரபு நம்முடையது. இரண்டாவது வினா அத்துணை எளிதன்று. ஆசிரியனின் ஒழுக்கத்தைக்கொண்டு நூலின் உண்மையை அளக்கலாமா என்பது திறனாய்வின் பழைய சிக்கல்களுள் ஒன்று. அதற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஓர் அளவுகோல்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் தோன்றுவதற்கு நந்நான்கு நிலைக்களங்களை வகுத்துள்ளார். அவற்றுள் இரண்டு இங்கு நமக்கு வேண்டியவை. பெருமிதம் என்பது கல்வி, தறுகண், இசைமை, கொடை என்பவற்றின் அடியாகத் தோன்றும். இளிவரல் என்பது மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பவற்றின் அடியாகத் தோன்றும். துருவப் பயண இலக்கியம் பெரும்பாலும் பெருமிதத்தின் இலக்கியம் ஆகும். அதிலும் தறுகண்மையும் இசைமையுமே, அதாவது அஞ்சாமையும் புகழுமே, அதன் இரு தூண்கள். குக்கின் நூலோ, தன் சிறந்த பகுதிகளில், பிணியும் வருத்தமும் மென்மையும் நிலைக்களமாக அமைந்த இளிவரலின் இலக்கியம் என்று கூறத் தோன்றுகிறது.

தமிழ்ச் செய்யுளுக்கு வகுத்த இலக்கணத்தைப் பிறமொழி உரைநடை நூலொன்றுக்கு வலிந்து பொருத்துவதாக இது சிலருக்குத் தோன்றலாம். தொல்காப்பியர் இத்தகைய நூலை நினைத்து விதி செய்தார் என்று நாம் கூற வரவில்லை. உள்ளத்து நிகழ்வது மெய்யிலே புலப்படும் என்ற அடிப்படையை மட்டுமே ஓர் அளவுகோலாக எடுத்துக்கொள்கின்றோம். குக்கின் நூலில் இவ்வடிப்படை தலைகீழாவதையும் காணலாம். அங்கு முதலிலே மெய் தளர்கிறது. பின்னரே உள்ளம் கலங்குகிறது. இம்மாற்றமே நூலின் மையம்.

முதற்பொருளாகிய நிலமும் பொழுதும் உரிப்பொருளுக்கு அடித்தளம் என்பதும் நம் மரபு. துருவத்துக் குளிர்காலத்திலே நிலம் என்பது அசையும் பனிப்பாறையாகிறது. சிறுபொழுது ஆறனுள் யாமம் ஒன்றே எஞ்சுகிறது. நாள்தோறும் ஏறத்தாழ ஆறு மணிக்கு உதித்து ஆறு மணிக்கு மறையும் சூரியனை ஒரு பொருட்டாகவே கருதாத நம்மைப் போன்றோருக்கு, பொழுது அற்ற வாழ்வு மனிதனை என்ன செய்யும் என்பது எண்ணிப் பார்த்தற்கும் அரியது. அதனை எண்ண வைப்பதே இந்நூலின் முதற் பயன்.

3. பெல்ஜிக்காவின் இரவு

1897 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16 ஆம் திகதி பெல்ஜியத்தின் அன்ற்வேப் துறைமுகத்திலிருந்து பெல்ஜிக்கா புறப்பட்டது. தளபதி அட்றியன் டி ஜெர்லாஷ். அவருக்கு அடுத்த நிலையிலிருந்தவர் கப்டன் ஜோர்ஜ் லெக்குவாந். பின்னர் புகழ்பெற்ற அமுண்ட்சென் அப்போது அக்கப்பலின் இளம் அதிகாரி. போலந்தைச் சேர்ந்த ஆர்க்டொவ்ஸ்கியும் டொப்ரொவொல்ஸ்கியும், ருமேனியாவைச் சேர்ந்த றகோவிற்சாவும் அறிவியலாளராகச் சென்றனர். குக் றியோ டி ஜெனீரோவிலே கப்பலிற் சேர்ந்தார். 1898 சனவரியில் வீன்கே என்ற இளம் மாலுமி கடலில் வீழ்ந்து இறந்தான். மார்ச் மாதத் தொடக்கத்திற் கப்பல் பனியிலே சிறைப்பட்டபோது பதினெட்டுப் பேர் எஞ்சியிருந்தனர். ஓராண்டுக்கு மேலாக அப்பனிச்சிறை நீடித்தது.

மே மாத நடுப்பகுதியிலே மறைந்த சூரியன் யூலை மாதப் பிற்பகுதியிலேயே மீண்டும் தோன்றியது. ஏறத்தாழ எழுபது நாட்கள் நீடித்த இவ்விரவே நூலின் உயிர்ப்பகுதி. இரவுக்கு முற்பட்ட பகுதிகளில் நகைச்சுவைக்கும் குறைவில்லை. சஞ்சிகைகளில் வந்த பெண்களின் படங்களை வைத்து அழகிகளைத் தெரிவு செய்யும் போட்டியொன்றை இவர்கள் நடத்திய செய்தி அத்தகையது. தகரத்திலடைத்த உணவின் ஒரே சுவையைப் பற்றி அவர்கள் பரிமாறிய வசைமொழிகளும் நகைக்குரியனவே. ஆயின், இருள் சூழ்ந்த பின்னர் இந்நகை படிப்படியாக அற்றுப்போகிறது. ஒருவரோடு ஒருவர் பேசுதல் குறைகிறது. முகங்கள் வெளிறுகின்றன, கண்களைச் சுற்றியும் கணுக்காலிலும் வீக்கம் தோன்றுகிறது. சிறு உழைப்பிற்கும் நாடி படபடக்கிறது. சிலருக்கு உறக்கமே இல்லை; சிலருக்கு உறக்கம் ஒழிவதில்லை. சிந்தனையை ஒருமுகப்படுத்த எவராலும் இயலவில்லை.

யூன் 5 ஆம் திகதி காந்தவியல் ஆய்வுகளுக்குப் பொறுப்பாயிருந்த எமில் டான்கோ இறந்தார். முன்னரே பலவீனமாயிருந்த அவரது இதயம் இருளையும் குளிரையும் தாங்கவில்லை. அதே மாதத்தில், நோர்வே நாட்டாய்வாளர் நான்சனின் பெயர் சூட்டப்பட்டிருந்த கப்பற் பூனையும் இறந்தது. எல்லோருக்கும் செல்லமாயிருந்த அப்பூனை, இருள் தொடங்கிய பின் எவரையும் அண்டாது, சுருண்டு கிடந்து, குணம் மாறி இறந்ததைக் குக் விவரிக்கும் பகுதி குறிப்பிடத்தக்கது. டான்கோவின் மரணத்தை எழுதும்போது நண்பனை இழந்தவரின் உணர்ச்சி மொழியை அவர் கையாளுகிறார். பூனையின் மரணத்தை எழுதும்போது எளிய அவதானிப்பே மொழியாகிறது. எனினும், கப்பலிலிருந்தோர் அனைவரும் தத்தம் முடிவை அப்பூனையிலே கண்டனர் என்பதை வாசகர் உணர்ந்துகொள்கின்றனர். கூறாமற் கூறும் இத்திறன் குக்கிடம் எப்போதும் இருந்ததில்லை. வானத்து ஒளிக்கோலங்களை வருணிக்கும் இடங்களில் அடைமொழிகளை அளவிறந்து அடுக்குவது அவர் இயல்பு. நோயாளியின் அருகில் இருக்கும்போது மட்டுமே அவரது மொழி தன்னடக்கம் பெறுகிறது. இது நம் மதிப்பீட்டுக்கு முக்கியமான ஒரு சான்றாகும்.

4. நோயும் மருந்தும்

இந்நோய்க்குக் குக் இட்ட பெயர் துருவக் குருதிச்சோகை. சூரிய ஒளியின்மையே அதன் முதற்காரணம் என அவர் கருதினார். தகர உணவும், சலிப்பும், அசைவின்மையும் அதற்குத் துணைநின்றன என்பது அவர் கருத்து. இதற்கு அவர் மூன்று மருந்துகளை வகுத்தார். முதலாவது, பென்குயின், சீல் ஆகியவற்றின் புதிய இறைச்சி. இரண்டாவது, நோயாளியை ஆடை களைந்து அடுப்பின் வெம்மைக்கும் ஒளிக்கும் முன்னால் நாள்தோறும் ஏறத்தாழ ஒரு மணிநேரம் இருத்தும் முறை. மூன்றாவது, கப்பலைச் சுற்றிப் பனியின் மீது நடத்தல். தாம் சுற்றிச் சுற்றி நடந்த அப்பாதைக்குப் பைத்தியர் விடுதியின் உலாவிடம் என்று கப்பலிலிருந்தோர் பெயரிட்டனர். மனம் பேதலிக்கும் அச்சம் அவர்களிடையே எவ்வளவு அண்மையில் இருந்தது என்பதை அப்பெயரே உணர்த்தும்.

பென்குயின் இறைச்சியின் சுவை தாங்கத் தக்கதாயிருக்கவில்லை. தளபதி ஜெர்லாஷ் அதனை வெறுத்தார். மற்றவர் உண்பதையும் அவர் விரும்பவில்லை என அமுண்ட்சென் 1927 ஆம் ஆண்டு வெளியிட்ட தன்வரலாற்று நூலில் எழுதியுள்ளார். யூலை மாதத்திலே லெக்குவாந் மரணத்தின் விளிம்புவரை சென்றார். குக்கின் முறைக்கு உடன்பட்டுப் புதிய இறைச்சியை உண்டு அடுப்பின் முன் இருந்த அவர் சில நாட்களிலேயே தேறினார். இறுதியில் தளபதியும் அவ்வுணவை உண்ண நேர்ந்தது.

இன்றைய அறிவைக்கொண்டு நோக்குமிடத்து, குக் கண்ட நோயின் பெரும்பகுதி ஸ்கேவி என்பது தெளிவு. விற்றமின் சி இன்மையால் வரும் நோய் அது. விற்றமின் என்ற சொல்லே 1912 ஆம் ஆண்டிலேதான் காசிமிர் பங்க் என்பவரால் உருவாக்கப்பட்டது. விற்றமின் சி என்ற பொருள் 1928 இற்கும் 1932 இற்கும் இடைப்பட்ட காலத்திலே சென்ற்-ஜோர்ஜி முதலியோரின் ஆய்வுகளால் இனங்காணப்பட்டது. அதிகம் வேகாத புதிய இறைச்சியிலே அது ஓரளவு உண்டு. ஆகவே குக்கின் கொள்கை பாதி பிழை; அவரது மருந்தோ சரி.

ஆயின், அவரது கொள்கையின் மறுபாதியையும் எளிதிற் புறக்கணித்தல் இயலாது. ஒளியின்மை மனத்தைத் தளர்த்தும் என்று அவர் கூறியதை அக்கால வைத்தியம் பொருட்படுத்தவில்லை. 1984 ஆம் ஆண்டிலே நோர்மன் றோசென்தால் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் பருவகால மனச்சோர்வை ஒரு நோயாக விவரித்து, ஒளியையே அதற்கு மருந்தாகக் கொள்ளும் முறையை எடுத்துரைத்தனர். அடுப்பின் முன் நோயாளிகளை இருத்திய வைத்தியரை இம்முறையின் முன்னோடியாகக் கூறுவோர் இன்று உளர். அடுப்பின் ஒளி அதற்குப் போதுமானதா என்பது ஐயத்துக்குரியதே. எனினும், உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே நோக்கி, இரண்டுக்கும் ஒருங்கே மருந்து தேடிய பார்வை அவருடையது என்பதை மறுத்தற்கில்லை.

5. பெருமிதத்தின் எழுத்து

குக்கின் நூலின் இயல்பை உணர்வதற்கு ஸ்கொட்டின் நாட்குறிப்புகளை அதனருகே வைத்து நோக்குதல் தகும். 1913 ஆம் ஆண்டு நூலாக வெளிவந்த அந்நாட்குறிப்புகள் ஆங்கில உரைநடையின் சிறந்த ஆக்கங்களுள் ஒன்றாக மதிக்கப்படுபவை. மரணத்தை எதிர்நோக்கிய நிலையிலும் தளராத மொழி அது. ஆனால், அதிலே நோய் எவ்வாறு இடம்பெறுகிறது?

எட்கார் எவன்ஸ் என்ற மாலுமி 1912 பெப்ரவரி 17 ஆம் திகதி இறந்தார். அவரது உடல் சிதைவதை ஸ்கொட் எழுதும்போது, அது பெரிதும் தன்னம்பிக்கையின் வீழ்ச்சியாகவும் மனத்தின் தளர்ச்சியாகவும் உருப்பெறுகிறது. பிணி என்பது குணக்குறைவின் சாயலைப் பெற்றுவிடுகிறது. பொதுமக்களுக்கென ஸ்கொட் இறுதியாக எழுதிய செய்தியிலும் எவன்ஸின் வீழ்ச்சியும் ஓட்ஸின் நோயும் ஊழ்வினையின் வரிசையிலே, புயலுக்கும் பனிக்கும் அருகிலே வைக்கப்படுகின்றன. நோய்க்குக் காரணம் தேடும் வினா அங்கு எழுவதில்லை. பெருமிதத்தின் மொழிக்கு இவ்வினா ஒவ்வாது போலும்.

வினா எழாமைக்கு அக்கால வைத்திய அறிவும் ஒரு காரணம். ஜேம்ஸ் லிண்ட் 1747 ஆம் ஆண்டிலேயே பன்னிரண்டு மாலுமிகளிடம் நடத்திய சோதனையில், தோடையும் எலுமிச்சையும் ஸ்கேவியை மாற்றுவதைக் கண்டார். பிரித்தானியக் கடற்படை 1795 ஆம் ஆண்டு எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது. பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை அடுத்து, மேற்கிந்தியத் தீவுகளின் தேசிக்காய்ச் சாறு அதனிடத்தைப் பிடித்தது. அச்சாற்றின் ஆற்றல் மிகக் குறைவு. 1875-76 ஆம் ஆண்டுகளில் நெயார்ஸ் தலைமையில் ஆட்டிக்குக்குச் சென்றோர் ஸ்கேவியால் பெரிதும் வருந்தினர். சாறு பயனற்றது என்ற முடிவுக்கு வைத்தியர் சிலர் வந்தனர். கெட்டுப்போன தகர இறைச்சியின் நஞ்சே காரணம் என்ற கொள்கை தலையெடுத்தது. கண்டறிந்த உண்மையொன்று நூறாண்டுகளின் பின் தொலைந்துபோன கதை இது. 1911 ஓகஸ்டில் ஸ்கொட்டின் குளிர்கால முகாமிலே வைத்தியர் அற்கின்சன் ஸ்கேவி பற்றி விரிவுரையாற்றியபோதும், இரத்தம் அமிலத்தன்மை அடைதலையே காரணமாகக் கூறினார். நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, 1907 இல், ஹோல்ஸ்ற், புரோலிச் என்ற நோர்வே ஆய்வாளர் இருவர் கினிப் பன்றிகளுக்கு உணவின் மூலமே ஸ்கேவியை உண்டாக்கிக் காட்டியிருந்தனர். அச்செய்தி அம்முகாமின் சிந்தனையை மாற்றவில்லை. 1912 இல் அக்குழுவின் துணைத்தலைவர் எட்வேர்ட் எவன்ஸ் ஸ்கேவியால் நடக்க இயலாது சறுக்கு வண்டியில் வைத்து இழுத்துவரப்பட்டார். தோழர் இருவரின் முயற்சியால் உயிர்தப்பினார்.

அதே பயணத்தில் பங்குகொண்ட அப்சிலி செரி-கராட் 1922 ஆம் ஆண்டு எழுதிய நூல் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. 1911 இன் கடுங்குளிரில், வில்சன், பவர்ஸ், செரி-கராட் ஆகிய மூவரும் பேரரசப் பென்குயினின் முட்டைகளைத் தேடி ஐந்து வாரங்கள் நடந்தனர். அவர்கள் தம்மையே சோதனைப் பொருளாக்கினர். ஒருவர் கொழுப்பையும், ஒருவர் இறைச்சியுணவையும், ஒருவர் பிஸ்கற்றையும் மிகுதியாக உண்டு எந்த விகிதம் தகுந்தது என்று பார்த்தனர். இச்சோதனை வீரத்தின் பகுதியாகவே அவர் நூலிலே தொடங்குகிறது. ஆயின், நூலின் இறுதியிலே, தோழர்கள் உண்ட உணவு அவர்களின் உழைப்புக்குப் போதுமானதாக இருந்ததா என்ற வினாவை அவர் தயங்காது எழுப்புகிறார். பெருமிதத்திலிருந்து பிணிக்கு, பிணியிலிருந்து காரணத்துக்கு என அவரது எழுத்து நகர்கிறது. இலக்கியத் தரத்தில் குக்கின் நூல் இதற்கு நிகராகாது. ஆனால், செரி-கராட் பதினோராண்டுகள் துயருற்றுச் சென்றடைந்த வினாவிலிருந்தே குக் தொடங்குகிறார் என்பதை நாம் கருத்திற் கொள்ளவேண்டும்.

6. நூலின் குறைகள்

இவ்வளவு கூறியதனாற் குக்கின் நூல் குறையற்றதென்று கொள்ளலாகாது. அதன் குறைகள் அழகியல் சார்ந்தவை மட்டுமல்ல. சமூகப் பார்வை சார்ந்தவையுமாகும்.

பெல்ஜிக்காவிலே அதிகாரிகளும் அறிவியலாளரும் ஒருபுறமும், மாலுமிகள் மறுபுறமும் தனித்தனியே உறைந்தனர். நூலிலும் இப்பிரிவு அவ்வாறே நிலைபெற்றுள்ளது. டான்கோவுக்கும் லெக்குவாந்துக்கும் முகமும் குரலும் உண்டு. மனநிலை குலைந்த டொலெப்சன் என்ற மாலுமியோ பெரும்பாலும் அறிகுறிகளின் தொகுப்பாகவே தோன்றுகிறான். தோழர் தன்னைக் கொல்லச் சதி செய்கின்றனர் என அஞ்சி ஒளிந்து திரிந்த அவன் என்ன எண்ணினான் என்பதை அறிய நமக்கு வழியில்லை. உடலின் முன் யாவரும் சமம் என்று காட்டத்தக்க ஒரு பொருளை எடுத்துக்கொண்ட நூல், நோயாளரின் வரிசையிலும் வகுப்பு வேறுபாட்டைப் பேணுவது ஒரு முரண்பாடே.

இரண்டாவது குறை இதனிலும் ஆழமானது. புதிய இறைச்சியே மருந்து என்ற அறிவு குக்குக்கு எங்கிருந்து வந்தது? 1891-92 ஆம் ஆண்டுகளில் பியரியின் குழுவுடன் வட கிரீன்லாந்துக்கு வைத்தியராகச் சென்றபோது அவர் இனுயிற் மக்களிடையே பழகினார். தாவர உணவு மிக அரிதாகிய அந்நிலத்திலே, பச்சை இறைச்சியையும் அதிகம் வேகாத இறைச்சியையும் உண்டு அம்மக்கள் ஸ்கேவியின்றி வாழ்ந்ததை அவர் கண்டார். தலைமுறை தலைமுறையாக அவர்கள் பேணிவந்த நடைமுறை அறிவு, ஐரோப்பியக் கப்பலொன்றின் வைத்தியர் கையில் ஒரு சிகிச்சையாகப் பெயர் பெற்றது. குக் தாம் கண்டதை மறைக்கவில்லை. எனினும், அம்மக்களை அவர் அவதானிப்புக்குரிய பொருளாக நோக்கிய அளவுக்கு, அறிவின் ஆசிரியர்களாக நோக்கவில்லை. மருத்துவ வரலாறும் இதே வழியைப் பின்பற்றி, லிண்டையும் சென்ற்-ஜோர்ஜியையும் பெயர் சுட்டிக் கூறுகிறது; இனுயிற் மக்களைப் பொதுப்பெயராற் குறிப்பிட்டு அப்பாற் செல்கிறது.

7. பொய்யரின் சாட்சியம்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய இரண்டாவது வினாவுக்கு வருவோம். குக் 1906 ஆம் ஆண்டு அலாஸ்காவின் மக்கின்லி மலையுச்சியை அடைந்ததாக அறிவித்தார். அவ்வறிவிப்பு உண்மையன்று என்பது பின்னர் புலனாயிற்று. உச்சி என அவர் காட்டிய புகைப்படம் வேறொரு சிறு குன்றினது. 1908 ஏப்ரல் 21 ஆம் திகதி வடதுருவத்தை அடைந்ததாக அவர் கூறியதை ஆராய்ந்த கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகக் குழு, போதிய சான்றில்லை என 1909 டிசெம்பரில் முடிவு செய்தது. அவருடன் சென்ற எதுகிஷுக், அஹ்வேலா என்ற இனுயிற் இளைஞர் இருவர், தாம் நிலத்தை விட்டு நெடுந்தூரம் செல்லவில்லை என்று கூறியதாகப் பியரியின் தரப்பினர் வெளியிட்டனர். தோமஸ் பிரிட்ஜஸ் என்ற மிஷனரி தொகுத்த யாகன் மொழி அகராதியைத் தம் பெயரில் வெளியிட முனைந்தார் என்ற குற்றச்சாட்டும் குக்கின் மீது உண்டு. எண்ணெய்க் கம்பனிப் பங்குகள் தொடர்பான மோசடிக்காக 1923 இல் அவர் தண்டிக்கப்பட்டு, 1930 வரை சிறையிலிருந்தார்.

இத்தகையவரின் நூலை எவ்வாறு கொள்வது? ஆசிரியன் வேறு, நூல் வேறு என்று கூறி ஒதுங்குவது ஒரு வழி. புனைகதைக்கு அது பொருந்தலாம். நோயாளரின் உயிரோடு தொடர்புடைய சாட்சியத்துக்கு அது பொருந்தாது. ஆசிரியன் பொய்யனாதலின் நூலும் பொய் என்று தள்ளுவது மற்றொரு வழி. அதுவும் ஏற்கத்தக்கதன்று. பெல்ஜிக்காவின் இரவுக்குக் குக் ஒருவரே சாட்சியல்லர். ஜெர்லாஷும் லெக்குவாந்தும் தத்தம் நூல்களை எழுதினர். அமுண்ட்சென் நாட்குறிப்பு வைத்திருந்தார். குக்கின் சிகிச்சையும் அதன் பயனும் அவர்களாற் பொதுவாக உறுதிப்படுத்தப்பட்டுள்ளன. அமுண்ட்சென் 1926 ஆம் ஆண்டு, தமக்கு வரக்கூடிய பழியைப் பொருட்படுத்தாது, சிறையிலிருந்த குக்கைச் சென்று பார்த்தார். தம் உயிரைக் காத்தவர் என்ற நன்றியுணர்வு அவரை அங்கு கொண்டுசென்றது.

நூலின் உண்மையை ஆசிரியனின் பெயரிலன்றி, அது வேறு சாட்சிகளுக்கு முன் நிற்கும் தன்மையிலே தேடவேண்டும் என்பதே எமது முடிவு. இம்முடிவை நூலின் நடையும் வலியுறுத்துகிறது. முன்னர் கூறியவாறு, நோயாளியின் அருகிலிருக்கும்போது குக்கின் மொழி அடங்கி ஒடுங்குகிறது. புகழுக்குரிய காட்சியிலே அது பெருகி வழிகிறது. மலையுச்சியிலும் வடதுருவத்திலும் அவரைப் பற்றிய பொய், இவ்விரண்டாவது மொழியின் வழியே வந்தது. தொல்காப்பியரின் சொற்களிற் கூறுவதாயின், பிணியையும் வருத்தத்தையும் எழுதிய குக் நம்பத்தக்கவர். இசைமையை நாடிய குக் நம்பத்தகாதவர். ஒரே மனிதரின் இரு மொழிகள் இவை. அவற்றைப் பிரித்தறிதலே திறனாய்வாளரின் கடமை.

அதே வேளையில், பழி முழுவதையும் தனிமனிதர் ஒருவரின் மீது சுமத்துவதும் பொருந்தாது. உயிர் காத்த வைத்தியருக்கு அக்காலச் சமுதாயம் அளித்த புகழ் சிறிது. துருவத்தில் முதற் காலடி வைப்பவனுக்கு அது அளிக்கக் காத்திருந்த புகழோ பெரிது. பத்திரிகைகளும் செல்வர்களும் கழகங்களும் விலை கொடுத்தது பெருமிதத்துக்கே. பிணிக்கு விலை இருக்கவில்லை. விலையுள்ள பொருளையே குக் ஈற்றில் விற்க முனைந்தார்.

8. நிறைவாக

இன்று நிலைமை ஓரளவு மாறியுள்ளது. அந்தாட்டிக்காவிலே பிரான்சும் இத்தாலியும் நடத்தும் கொன்கோடியா நிலையத்திலே, விண்வெளிப் பயணத்துக்கு முன்னோட்டமாக, குளிர்காலத்தைக் கழிப்போரின் உறக்கத்தையும் மனநிலையையும் வைத்தியர் ஆராய்ந்து வந்துள்ளனர். ஜேர்மனியின் நொய்மாயர் நிலையத்திலே பதினான்கு மாதங்கள் தங்கிய ஒன்பது பேரின் மூளையை ஆராய்ந்து 2019 ஆம் ஆண்டு வெளியான கட்டுரையொன்று, நினைவோடு தொடர்புடைய ஒரு பகுதி அவர்களிடம் சுருங்கியிருந்ததைக் காட்டியது. சிந்தனையை ஒருமுகப்படுத்த இயலவில்லை என்று 1898 இல் ஒரு வைத்தியர் விளக்கொளியில் எழுதிவைத்த குறிப்புகள், இக்கட்டுரையின் அருகிலே வைத்து வாசிக்கத்தக்கவை. மனிதனின் மனம் பொழுதையும் சூழலையும் சார்ந்தது என்ற பொதுவுண்மையிலே இவை ஒன்றுபடுகின்றன. முதற்பொருளின்றி உரிப்பொருள் இல்லை என்று கொண்ட நம் முன்னோர்க்கு இது வியப்பாயிருந்திராது.

குக்கின் நூல் பேரிலக்கியமன்று. அதன் நடை சீரற்றது. பார்வை வகுப்பாலும் இனத்தாலும் குறுகியது. ஆசிரியரின் பெயர் மாசுற்றது. எனினும், துருவத்தைப் பற்றி எழுந்த எண்ணற்ற நூல்களுக்கிடையே, யார் முந்தினார் என்று வினவாது, யாருக்கு என்ன நேர்ந்தது என்று வினவிய நூல் அது. பதினெட்டுப் பேருள் பதினேழு பேர் உயிரோடு மீண்டமைக்கு அவ்வினாவும் ஒரு காரணம். வீரத்தை நாம் வியக்கலாம். ஆயின், வீரனின் ஈற்றையும் நாடியையும் நோக்கியவரின் எழுத்தை, அவர் பின்னர் என்னவானார் என்ற ஒரே காரணத்துக்காக மூடிவைத்தல் முறையாகாது. ஐயத்தோடும் அக்கறையோடும் அதனைத் திறந்து வாசித்தலே நேர்மையான வாசிப்பாகும்.